வாயில் கவ்விய பிளஸ்

ஸ்பீக்கர் கைக்கு வந்ததும் லிங்கேஸ்வரன் அதை மல்லாக்கப் போட்டு, அதன் பேப்பர் கூம்பின் நடுவில் ஓர் ஏலக்காயை வைப்பார். பிறகு ஒன்பது வோல்ட் பேட்டரியை வயர் முனைகளில் ஒரு தொடு தொட்டு எடுப்பார். 'டப்' என்று பேப்பர் எழும்பிக் காய் துள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கருக்கும் பிளஸ். காய் துள்ளாமல் அமிழ்ந்தால் முனை மாறியிருக்கிறது. கம்பெனிக்காரன் வைத்த சிவப்புப் புள்ளியை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "அவன் எங்கிட்டோ உக்காந்து புள்ளி வைக்கிறான். காய் என் கண்ணு முன்னால துள்ளுது," என்பார்.

போடி ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. மலையேறும் ஜீப்புகளுக்கு, பாட்டை அதிரவைக்கும் பேஸ் பாக்ஸ் செய்து கொடுப்பது தொழில். காலையில் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் டிரைவரின் முகத்தைப் பார்த்தா ஏறுகிறார்கள்? பாட்டைக் கேட்டுத்தான் ஏறுகிறார்கள். போடிமெட்டு ஏற்றத்தில் எஞ்சின் போடும் கூச்சலைத் தாண்டிக் கேட்காத பாட்டு அவர்கள் கணக்கில் பாட்டே இல்லை.

ஒரே அளவு ஸ்பீக்கர்களை வரிசையாகப் பதிப்பது அவருக்குப் பிடிக்காது. பதினைந்து இஞ்ச் ஒன்று, பத்து இஞ்ச் இரண்டு, இதுதான் அவர் கூட்டணி. "பெரியவன் அடிவயித்துல பேசுவான். சின்னவனுக நெஞ்சுல குத்துவானுக. ஒருத்தனே ரெண்டு சோலியும் பாப்பானா?" என்று கேட்பார். அவர் மனைவி முத்துப்பிரியா ஏலக்காய் ஸ்டோரில் காய் ரகம் பிரிக்கிறவர். "பெருசையும் சிறுசையும் கலந்துட்டா எங்கள வீட்டுக்கு அனுப்பிருவாக. நீங்க கலக்குறதுக்குன்னே கடை போட்டிருக்கீக," என்பார்.

கலப்பதிலும் சட்டம் உண்டு. பெட்டிக்குள் நடுவே பலகை அடித்து, பெரியவனை ஓர் அறையிலும் சின்னவர்களை இன்னோர் அறையிலும் வைப்பார். சேர்த்து வைத்தால் பெரியவன் விடுகிற மூச்சில் சின்னவர்களின் பேப்பர் வெளியே பிதுங்கிவிடுமாம். "தனிக்குடித்தனம் வச்சாத்தான் உறவு நிக்கும்" என்பது அவர் கட்சி. நாலு ஓம்ஸ் மின்தடையுள்ள சின்னவர்கள் இருவரையும் ஒருவர் பின் ஒருவராகக் கோத்து எட்டாக்கி, அதற்கப்புறம்தான் எட்டு ஓம்ஸ் பெரியவனோடு இணைப்பார். இல்லையென்றால் சுமை சரியாகப் பிரியாமல் சின்னவர்கள் கருகிவிடுவார்கள்.

இதை அவர் கருக்கித்தான் கற்றுக்கொண்டார். போன பெட்டி கொண்டை ஊசி வளைவில் புகைய, ஜீப்பில் தீப்பிடித்ததென்று பெண்களெல்லாம் தூக்குவாளியோடு குதித்து இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து முத்துப்பிரியாவின் அண்ணன் பாண்டியராஜன், தான் மேனேஜராக இருக்கும் ஏலக்காய் ஸ்டோருக்கு மூட்டை தூக்க வரச்சொல்லி நச்சரிக்கிறார். ரோஷம் தாங்காமல் லிங்கேஸ்வரன், "அடுத்த பெட்டி அதிரலேன்னா கடைய மூடிட்டு வர்றேன் மச்சான்," என்று சொல்லித் தொலைத்தார். சொன்ன இடம் டீக்கடை. ஊருக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த பெட்டி வினோத்குமாருடையது. சூரியநெல்லிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர், பாதி மலையாளம் பேசுவார். "அண்ணே, அடிபொளியா வேணும். ஆனா உள்ள கறுப்பு வயரு கூடாது. வண்டிக்குக் கறுப்பு ஆகாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு."

"டயரு?"

"அது கம்பெனி போட்டது. நாம போடுறதுலதான் ஆகாதாம்."

ஆகவே எல்லாம் சிவப்பு வயர். அடையாளத்துக்கு பிளஸ் வயர்களில் முடிச்சுப் போட்டார். சின்னவர்கள் இருவரையும் முடிச்சுப் பார்த்துப் பூட்டியாயிற்று. பெரியவனின் முடிச்சு மட்டும் நடுப்பலகை ஓட்டையில் நுழைய மறுத்தது. அவிழ்த்து இழுத்து, மறந்துபோகாதிருக்க அந்த வயரைப் பல்லில் கவ்விக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பாண்டியராஜன் வாசலில் வந்து நின்றார். "என்ன மாப்ளே, திங்கக்கெழம வந்துருவீகள்ல?"

"ஏன் மச்சான், மூட்ட தூக்க ஒங்க ஸ்டோர்ல வேற ஆளே இல்லையா?"

இந்தப் பதிலுக்கு வாயைத் திறக்க வேண்டியிருந்தது. வயர் கீழே விழுந்து மற்றதோடு கலந்தது. கோபத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து பிளஸ் என்று பூட்டிவிட்டார்.

மறுநாள் மதியம் வினோத்குமார் வந்தார். பெட்டியை மல்லாக்கப் போட்டுப் பாட்டை வைத்ததும், ஜலதோஷம் பிடித்த ஆள் பாடுவதுபோல் ஒன்று கேட்டது. பேஸ் எங்கோ போய்விட்டது. வால்யூமைக் கூட்டினால் பாட்டுக்காரருக்குத்தான் தொண்டை கிழிந்தது.

"அண்ணே, என் போன்ல இதவிட அதிருமே," என்றார் வினோத்குமார். எதிர்த்த டீக்கடையிலிருந்து பாண்டியராஜன், "வெள்ளன வந்துருங்க மாப்ளே," என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்கு நடந்தார்.

லிங்கேஸ்வரன் பாட்டை நிறுத்தினார். மூட்டைக்கு அவர் பயப்படவில்லை. அந்த ஸ்டோரில் காய் உருளும் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. அங்கே பேஸ் இல்லாமல் காலம் தள்ளுவதை நினைத்தால்தான் அழுகை வந்தது.

சாப்பாடு கொண்டுவந்த முத்துப்பிரியா பெட்டியையும் புருஷனையும் பார்த்தார். "காய் வச்சுப் பாத்தீகளா?"

"அதெல்லாம் பூட்டுறதுக்கு முன்னாலயே பாத்தாச்சு. தாலி கட்டுன பெறகு எவனாச்சும் பொண்ணு பாக்கப் போவானா?"

முத்துப்பிரியா அதைக் காதில் வாங்கவில்லை. மடியிலிருந்து மூன்று காய்களை எடுத்து மூன்று பேப்பரிலும் வைத்தார். பேட்டரியை எடுத்துப் பெட்டியின் முனைகளில் தொட்டார். சின்னவர்களின் காய்கள் துள்ளின. பெரியவனின் காய் அமிழ்ந்து உட்கார்ந்தது.

"சின்னவனுக வெளிய தள்ளுறத பெரியவன் உள்ள இழுத்துக்கிறான். ஒங்களையும் எங்கண்ணனையும் உள்ள வச்சுப் பூட்டுனாப்புல இருக்கு."

லிங்கேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். பெரியவனைக் கழற்றி, பிளஸை மறுபடி பல்லில் கவ்வினார். போன் அடித்தது. திரையில் பாண்டியராஜன் பெயர். கை தானாகப் போனது.

"வாயத் திறந்தீக, நானே கொண்டுபோய் ஸ்டோர்ல விட்டுருவேன்!" என்று கத்தினார் முத்துப்பிரியா.

போன் அடித்து ஓய்ந்தது. முனைகளை மாற்றிப் பூட்டி, ஸ்க்ரூக்களை முறுக்கி, காய்களைத் திரும்ப வைத்துப் பாட்டைப் போட்டார்கள். முதல் அடியிலேயே காய்கள் மூன்றும் எகிறித் தெருவில் விழுந்தன. கடையின் ஷட்டர் கடகடவென்று ஆடியது. வினோத்குமார் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "என்டம்மோ!" என்றார். முத்துப்பிரியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

போன் மறுபடி அடித்தது. அதே பெயர். லிங்கேஸ்வரன் பட்டனை அழுத்தினார். காதில் வைக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு குனிந்து, போனைப் பதினைந்து இஞ்ச் பேப்பருக்கு நேராகப் பிடித்தார்.