திறக்காமல் பார்த்தவர்

எங்கள் குடும்பத்தார் அனைவரும் அந்நாளில் நம்பியது இது: பூவாடைக்காரியின் பெட்டிக்குள் தங்கத் தாலி ஒன்று இருந்தது, அது இப்போது இல்லை. பங்காளிகளில் பலர் கூடுதலாக இன்னொன்றையும் நம்பினார்கள். அதை எடுத்தவர் எங்கள் தந்தையார்.

மறைந்த எங்கள் அண்ணனின் இந்த நினைவு மலர் வெளியூர் நண்பர்களின் கைகளுக்கும் செல்லும் என்பதால் சற்று விளக்குகிறேன். எங்கள் பக்கத்தில், சுமங்கலியாக மறைந்த குடும்பப் பெண்ணைப் பூவாடைக்காரி என்று தெய்வமாக வணங்குவார்கள். எங்கள் பூவாடைக்காரிக்குச் சிலை கிடையாது. முழ நீளத்தில் ஒரு மரப்பெட்டி மட்டுமே. ஆண்டுதோறும் தை மாதப் படையலின்போது அதன்மேல் ஒரு புதுத் துணியைச் சுற்றுவோம். பழைய துணியை அவிழ்ப்பதில்லை, பெட்டியைத் திறப்பதில்லை. அது பங்காளி வீடுகளில் ஆண்டுக்கு ஒன்றாக முறை வைத்துத் தங்கும்.

எங்கள் வீட்டில் தங்கிய ஓர் ஆண்டில் எலி கடித்ததோ என்னவோ, மேல்துணி கிழிந்திருந்தது. அதே ஆண்டில்தான் நைனா, அதாவது எங்கள் தந்தையார், கூரை வீட்டை ஓட்டு வீடாக மாற்றியிருந்தார். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட உறவினர்களுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. அதன்பின் பெட்டியைத் தலையில் சுமக்கும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. படையல் நாளில் நைனா சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். யாரிடமும் வாதிட்டதில்லை. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்.

மானாம்பதியை அடுத்த எங்கள் சிற்றூரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். உத்திரமேரூருக்கு மிதிவண்டியில் சென்று பள்ளிப் படிப்பை முடித்தார். மருத்துவராகும் ஆசை இருந்தது, மதிப்பெண் இடம்கொடுக்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கும் பயிற்சியில் சேர்ந்தார். சென்னையில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின், உத்திரமேரூர்க் கடைத்தெருவில் சிறிய எக்ஸ்ரே கூடம் ஒன்றைத் தொடங்கினார். வரப்பில் வழுக்கி விழுந்தவர்கள், மாடு முட்டியவர்கள், நெல் மூட்டை சுமந்து தோள் நழுவியவர்கள் என எல்லோரும் அவரிடம் வந்தார்கள். படத்தை உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவது அவர் வழக்கமன்று. வந்தவரைத் திரையின் முன் உட்காரவைத்து, "இத்தப் பாரும்மா, இது உன் முட்டி. நாத்து நட்டு நட்டுத் தேஞ்சிகீது" என்று காட்டுவார். தங்கள் உடம்பைத் தாங்களே முதன்முறையாகப் பார்த்த பெண்கள் வாயடைத்துப்போவதை நான் கண்டிருக்கிறேன்.

ஒருநாள், கல்வெட்டுகளைக் காண வந்த அருங்காட்சியகப் பணியாளர் ஒருவர் படியில் கால் பிசகி அண்ணனின் கூடத்துக்கு வந்தார். படத்துக்காகக் காத்திருக்கையில் தம் வேலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பழைய செப்புத் திருமேனிகளையும், துணி சுற்றிப் பாதுகாத்த பண்டைய உடல்களையும் எக்ஸ்ரேயில் ஆராய்கிறார்களாம். ஒரு நூலைக்கூட அவிழ்ப்பதில்லையாம். அண்ணன் அவரிடம் கட்டணம் வாங்க மறந்துவிட்டார் என்று அண்ணி பின்னர் சொன்னார்.

அந்த வாரமே அண்ணன் பெரியப்பாவின் வீட்டுக்குச் சென்றார். பங்காளிகளில் மூத்தவர் அவர். நைனாவை விலக்கி வைத்தவரும் அவரே. தங்கையான நானும் உடன் சென்றிருந்தேன். பூவாடைக்காரி அம்மாளின் பெட்டியைத் திறக்காமலே எக்ஸ்ரே எடுக்க அண்ணன் அனுமதி கேட்டார்.

"இன்னாடா, அம்மாளுக்குக் கை கால் முறிஞ்சிட்சா? மாவுக்கட்டு போடப் போறியா?" என்று பெரியப்பா சிரித்தார்.

"பெரீப்பா, தொறக்கக் கூடாதுன்னுதானே சொல்லிகீறாங்க? பாக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

பெரியப்பாவின் சிரிப்பு நின்றது. "தங்கம் இல்லேன்னு தெரிஞ்சா?"

"தெரியட்டும். எங்க நைனா எடுத்தாரா இல்லியான்னு எனக்கும் தெரிஞ்சாவணும்."

அண்ணன் அந்த ஒரு வாக்கியத்தில் எதைப் பணயம் வைத்தார் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. அவருக்கும் விடை தெரியாது.

பெரியப்பா சம்மதித்துக் குறித்த நாளில் நோயாளிகள் எவரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூடத்தை மஞ்சள் நீரால் கழுவினோம். எத்தனையோ பேர் கால் நீட்டிய மேசையில் அம்மாளை வைப்பதாவது என்று பெண்கள் தயங்கினார்கள். அண்ணி கட்டாத புதுப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் விரித்தார். அளவு தெரிவதற்காக அண்ணன் பெட்டியின் அருகில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். எல்லோரும் வெளியே செல்ல வேண்டும் என்றபோது பெரியப்பா அசையவில்லை.

"அம்மாளத் தனியா வுட்டுட்டு நான் வர மாட்டேன்."

அண்ணன் மறுபேச்சின்றி ஓர் ஈயக் கவசத்தை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் தம்முடன் நிறுத்திக்கொண்டார். "இவ்ளோ கனமாக்கீதே! இத்த மாட்டிக்கினா தெனம் வேல செய்றே?" என்று பெரியப்பா கேட்டது வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டது.

பிறகு எங்களையும் உள்ளே அழைத்தார்கள். திரையில் நான் கண்டதை விவரிக்க இன்றும் எனக்குச் சொற்கள் போதவில்லை. முதலில் தெரிந்தவை துணிச் சுற்றுகள். வசதியான ஆண்டுகளில் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து ஜரிகைக் கரை வைத்த துணி வாங்கிச் சுற்றியிருக்கிறார்கள். அந்த வெள்ளிச் சரடுகள் மட்டும் மயிரிழைகளாக ஒளிர்ந்தன. இடையிடையே இருள், பருத்தி மட்டுமே வாங்க முடிந்த ஆண்டுகள் அவை. எங்கள் குலத்தின் நல்ல காலமும் கெட்ட காலமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அவற்றுக்குள் மரத்தின் ரேகைகள், இரும்பு ஆணிகள். எல்லாவற்றுக்கும் உள்ளே கண்ணாடி வளையல்களும் ஒரு ஜோடித் தண்டையும். தண்டையின் குழலுக்குள் இருந்த பரல்களைக்கூட ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. எத்தனை தலைமுறையாக எந்தக் காலிலும் குலுங்காமல் கிடந்தனவோ!

தாலி இல்லை.

"பாத்தியா? இல்ல பாத்தியா?" என்றார் பெரியப்பா. ஆனால் அவர் குரலில் வெற்றி இல்லை.

அண்ணன் மூட்டுப் படங்களைப் படிப்பது போலவே மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆணியப் புடுங்கி மறுபடி அடிச்சிருந்தா, பழைய ஓட்ட பக்கத்துல கருப்பாத் தெரியும், பெரீப்பா. ஒண்ணுகூட இல்ல பாருங்க. துரு மரத்தோட கலந்துபோய்க் கீது. உள்சுத்து ஜரிக ஒண்ணும் அறுபடல. இந்தப் பெட்டிய அடிச்ச நாள்லருந்து யாரும் தொறக்கல. தாலி இதுல எப்பவுமே இல்ல."

அதன்பின் நாணயத்தையும் வளையலையும் மாற்றி மாற்றி அளந்தார். "இது பெரியவங்க வளையல் இல்ல. அஞ்சாறு வயசுப் புள்ளையோடது."

பெரியப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "நம்ம சாமி ஒரு கொழந்தையாடா?" என்று கேட்டார். அவள் யார், எதனால் மறைந்தாள், எவர் அழுதுகொண்டே அந்த ஆணிகளை அறைந்தார் என்பதையெல்லாம் எந்தக் கருவியும் காட்டாது. ஆனால் எங்களைக் காக்கும் பேராற்றல் என்று நாங்கள் அஞ்சி வணங்கியவளின் கை, என் இரண்டு விரல்கள் அளவே இருந்தது. அன்று அவள் முன் நின்றபோது வந்த வியப்பு இன்னும் என்னைவிட்டு நீங்கவில்லை.

அண்ணன் படத்தை எடுத்துச் சென்று நைனாவிடம் காட்டினார். ஆணிகளைப் பற்றிச் சொன்னதை நைனா கேட்டுக்கொண்டாரே தவிர, தம் பெயர் மீண்டதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தினி வருசமா இந்தப் புள்ளைக்குப் புகையில வெச்சிப் படைச்சமேடா!" என்றார்.

அடுத்த தையில் படையலில் வெற்றிலையும் புகையிலையும் இல்லை. பொரி உருண்டை இருந்தது. அண்ணி தைத்த சின்னஞ்சிறு பாவாடை இருந்தது. பெரியப்பா வேப்பமரத்தடிக்குத் தாமே நடந்து சென்று, பெட்டியை நைனாவின் தலையில் ஏற்றிவைத்தார். "மெதுவா நட. கொழந்த தூங்குது" என்றார். அண்ணன் திரும்பி நின்று கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அவருடைய நோயையும் அவரே முதலில் பார்த்தார். மூச்சு வாங்குகிறதென்று தம் நெஞ்சைத் தாமே படம் எடுத்து, "எனக்கு இதயம் கொஞ்சம் பெருசாக் கீது, தெரியுமா?" என்று அண்ணியிடம் சிரித்திருக்கிறார். சிகிச்சைக்கு உடல் ஓரளவே இணங்கியது. படுக்கையிலிருந்த நாள்களிலும் யாராவது படத்தோடு வந்தால் தலையணையை உயர்த்தச் சொல்லிப் பார்ப்பார். கார்த்திகையில் ஒரு முற்பகலில், அண்ணியின் கையைப் பிடித்தபடியே அமைதியாக அடங்கினார்.

மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறையும் தம் வேனில் அழைத்துச் சென்று, எரிபொருளுக்கும் கைநீட்ட மறுத்த காலனித் தெருத் தம்பிக்கும், அண்ணனுக்காக ஜெபித்த அவருடைய தாயாருக்கும் எங்கள் நன்றி. கூடத்தை மூடாமல் நடத்திவரும் உதவியாளர்களுக்கும், இறுதி நாளில் அலைகடலெனத் திரண்ட ஊர் மக்களுக்கும் நன்றி. ஒரு காலத்தில் எங்கள் வாசலை மிதிக்காதிருந்த பெரியப்பாவின் பிள்ளைகள் மூவரும் அண்ணனுக்குத் தோள் கொடுத்தார்கள். கொள்ளி வைக்க மகன் இல்லாத குறையை அவர்களில் இளையவர் தீர்த்தார். அவர்களை நான் வணங்குகிறேன்.

அண்ணி இருக்கிறார். அவர்களின் மகள் இருக்கிறாள், நான் இருக்கிறேன். நைனா இருக்கிறார்.