கிராஸ் வந்தால் நிற்க வேண்டும்

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். கான்கிரீட் தூண்களில் சாக்கைச் சுற்றி, காலையும் மாலையும் தண்ணீர் அடிக்கிறார்கள். அந்த ஈரச் சாக்கின் வாசனை ஜன்னல் வழியாக வரும்போது என் மனைவி மூக்கைச் சுளிக்கிறாள். எனக்குக் கெண்டைக்கால் வலிக்கிறது. வாசனைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

அப்போது நான் மைசூரில் ஒரு சின்னப் பத்திரிகையில் நிருபர். விஜயநகரைத் தாண்டி ஒரு புது லேஅவுட், அதன் ஓரத்தில் ஓர் அரசுப் பள்ளி. அங்கே பிள்ளைகளுக்கு இலவசமாக ஓட்டப் பயிற்சி நடக்கிறது, எட்டு வரி எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். நடத்தியவர் சுமித்ரா. ஹெப்பாளில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு வந்து பிள்ளைகளை ஓடவிடுவார். முட்டையும் வாழைப்பழமும் கொடுப்பார். பிறகு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அவர் ஓடுவார். அவர் ஓட்டத்தில் வேகமானது அதுதான் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

பிள்ளைகளில் பாதிப் பேர் ஹனூர், கொள்ளேகால் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். பிள்ளைகள் கன்னடத்தில் பொளந்து கட்டுவார்கள். அம்மாக்கள் கன்னடத்தில் தலையாட்டுவார்கள், தமிழில்தான் கேள்வி கேட்பார்கள். சுமித்ராவுக்குத் தமிழ் தெரியாது. நான் அம்மாக்களோடு தமிழில் பேசுவதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளெ பர்த்தீரா?" என்றார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். எட்டு வரிச் செய்தி மூன்று வருடம் நீண்டது.

என் வேலை ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, அம்மாக்களிடம் பேசுவது, ஷூவில் பேப்பர் திணிப்பது. ஷூக்களெல்லாம் யாரோ பெரியவர்கள் போட்டுக் கழித்தவை. பிள்ளைகளின் கால் பாதி தூரம்தான் போகும். மீதி இடத்துக்கு எங்கள் ஆபீஸிலிருந்து பழைய பேப்பர் கொண்டுபோவேன். ஒருநாள் ஒரு ஷூவின் நுனியிலிருந்து நான் இரண்டு நாள் அலைந்து எழுதிய கட்டுரை வெளியே வந்தது. நான் எழுதியவற்றில் அதிக தூரம் போனது அதுவாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு நான் 'பேப்பர் சார்' ஆனது அப்படித்தான்.

பள்ளியில் மைதானம் கிடையாது. கொடிக்கம்பத்தைச் சுற்றி நாலு பேர் ஓடினால் ஐந்தாவது ஆள் சுவரில் முட்டுவான். அதனால் லேஅவுட் ரோடுகளில், ஈரச் சாக்கு சுற்றிய தூண்களைத் தாண்டி ஓடினோம்; ஸ்டாப்வாட்சோடு நானும் பின்னால், கெண்டைக்கால் வலிக்க. வீடு வருவதற்கு முன்பே ரோடு வந்துவிட்ட இடம் அது. தார் போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, மனைக்கு மனை எல்லைக்கல் பதித்து வைத்திருந்தார்கள். ஆள்தான் இல்லை. தெருப்பெயரும் இல்லாததால், மணல் குவியலில் வலது பக்கம் திரும்பு, ஜல்லிக் குவியலில் இடது பக்கம் திரும்பு என்றுதான் வழி சொல்வோம். குவியல்கள் ஒரு இடத்தில் இருக்காது. ஒரு திங்கட்கிழமை இருபது பிள்ளைகள் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஜல்லி, கான்கிரீட்டாகிக் கூரைக்கு ஏறிவிட்டிருந்தது.

ஒருநாள் ஒரு டிப்பர் லாரி ஹார்ன் அடிக்காமல் ரிவர்ஸில் வந்தது. ஒரு பையனுக்கும் அதன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அன்றைக்கே நான் ஒரு சட்டம் போட்டேன். ரோடு வெட்டிக்கொள்ளும் இடத்தில், அதாவது கிராஸ் வந்தால், நிற்க வேண்டும். வலது பக்கம் பார், இடது பக்கம் பார், பிறகு ஓடு. அடுத்த வாரத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் சைக்கிள்கூட இல்லாத ரோட்டில், ஒவ்வொரு கிராஸிலும் முப்பது தலைகள் வலதும் இடதுமாகத் திரும்பின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சட்டத்தை யாரும் பார்க்காதபோதும் கடைப்பிடித்தவள் செல்வி. ஆறாம் வகுப்பு. அப்பா முருகேசன் கொத்தனார், அம்மா சின்னத்தாயி அவருக்கே சித்தாள். கட்டுகிற வீட்டு மனையிலேயே தகரக் கொட்டகை போட்டு இருப்பார்கள். வீடு முடிந்தால் அடுத்த மனைக்கு, அடுத்த ஊருக்கு. செல்விக்கு இது ஐந்தாவது பள்ளி. அப்பா கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அப்போது பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வேலை நஞ்சன்கூட்டில் என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அரசு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சுமித்ரா சொன்னார். ஓடி ஜெயித்தால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு. சின்னத்தாயியிடம் சொல்ல என்னை அனுப்பினார். அவர் தலையில் சும்மாடோடு நின்று கேட்டார். விடுதி, மெடல், கோச் எல்லாம் சொன்னேன். ஒன்றும் அவரை அசைக்கவில்லை.

"அங்க பத்தாவது வரைக்கும் ஒரே பள்ளிக்கூடமுங்களா?"

"ஒரே பள்ளிக்கூடம்தான்."

"நடுவுல மாறாதுங்களா?"

"மாறாது."

"அப்ப ஓடட்டுமுங்க" என்று சொல்லிவிட்டுச் செங்கல் எடுக்கப் போனார்.

தேர்வு, ஊருக்குள் பெரிய மைதானத்தில். எண்ணூறு மீட்டர், இரண்டு சுற்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் மூன்று பேருக்குத்தான் இடம். செல்வி நல்ல மைதானத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறாள். விசில் அடித்ததும் முன்னால் போனாள். நான் வாட்சைப் பார்த்தேன், எங்கள் லேஅவுட்டில் ஓடியதைவிட வேகம். முதல் வளைவு வந்தது. செல்வி நின்றாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், ஓடினாள். அதற்குள் மூன்று பேர் தாண்டிவிட்டார்கள்.

காலில் முள் குத்திவிட்டது என்று நினைத்தேன். மூன்று பேரையும் பிடித்து முன்னால் வந்தாள். இரண்டாவது வளைவில் மறுபடி நின்று, வலது பக்கம், இடது பக்கம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் தப்புகளை மறுநாள் அச்சில் பார்த்துப் பழக்கம் உண்டு. ஒரு தப்பு இரண்டு கால் முளைத்து என் கண்ணெதிரே ஓடியதை அன்றுதான் பார்த்தேன். "நிக்காதடி!" என்று கத்தினேன். கூட்டத்தின் சத்தத்தில் போய்ச் சேரவில்லை. நாலு வளைவு, நாலு தடவை நின்றாள். ஐந்தாவதாக வந்தாள்.

தொப்பி போட்ட பெண் கோச் அவளைக் கூப்பிட்டார். "யாக்கெ நிந்தெ?"

ஏன் நின்றாய் என்று கேட்டால் மறைக்க என்ன இருக்கிறது? "கிராஸ் பந்தரெ நில்பேக்கு மேடம். பேப்பர் சார் ஹேளித்தாரெ" என்று, கிராஸில் நிற்கச் சொன்ன என்னைக் கையால் காட்டினாள். கோச் என்னைப் பார்த்தார். நான் லாரியிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். பாதியிலேயே அவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு கன்னடத்தில், நாலு தடவை நின்றும் ஐந்தாவதாக வந்தவள் நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம், கடைசி ஓட்டத்தில் சேர்ந்துகொள்ளட்டும் என்றார்.

செல்விக்கு அவர் பேச்சு போதவில்லை. என்னிடம் வந்தாள்.

"நெசமாவே இங்க வண்டி வராதுங்களா சார்?"

"வராது."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும் வராதும்மா. ஓடு."

ஓடினாள். ஒவ்வொரு வளைவிலும் கழுத்து மட்டும் லேசாக ஆடியது. கால் நிற்கவில்லை. இரண்டாவதாக வந்தாள். சுமித்ரா அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டார்.

செல்வி விடுதிக்குப் போனாள். அப்பாவும் அம்மாவும் நஞ்சன்கூட்டுக்குப் போனார்கள். பயிற்சியை யாரும் மூடவில்லை, அதுவாகத் தேய்ந்தது. வீடுகள் ஏற ஏற வழி குறைந்தது. பதினோரு கிராஸ் எட்டாகி, ஐந்தாகி, கடைசியில் ஒரு தெருவில் போய்வருவதாக ஆயிற்று. வேலை முடிந்து குடும்பங்களும் கிளம்ப, பிள்ளைகளும் குறைந்தார்கள். ஒருநாள் முட்டை மிச்சமாகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து தசரா லீவில் செல்வி என்னைத் தேடி வந்தாள். என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். பழைய சுற்றை ஒரு தடவை ஓட வேண்டுமாம். கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் கார்கள், நடுவில் ஸ்கூட்டர்கள், கேட்டுக்குக் கேட்டு நாய். செல்வியின் கொட்டகை இருந்த இடத்தில் போர்ட்டிகோ. காவலுக்கு இருந்தவர் எழுந்து, யார் வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். யாரும் வேண்டாம் என்றாள்.

நான் ரோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். "நம்ம கிரவுண்டு பூரா வீடாயிடுச்சே" என்றேன்.

அவள் அந்த வீட்டின் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கீழிருந்து மாடி வரைக்கும்.

"எங்கப்பா கட்டுனதுங்க சார். எப்புடி நேரா நிக்குது பாருங்க."