பின்சீட் இல்லாத மூன்று வருஷம்

லேப் அக்காவின் காரில் பின்சீட் இல்லாமல் போய் மூன்று வருஷம் ஆகிறது. கார் அவளுடையது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்து, தன் சம்பளத்தில், தன் பெயரில் வாங்கிய வெள்ளைக் கார். அதில் வேலைக்குப் போக இருபத்தைந்து நிமிஷம் ஆகும். இப்போது இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே ஒன்றேகால் மணி நேரம் போகிறாள். காரணத்தைக் கேட்டால் சொல்ல மாட்டாள். சொல்ல ஆரம்பித்தால் தன் ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று அவளுக்கே துல்லியமாகத் தெரியும்.

காரணம் அவள் வீட்டுக்காரர். லிஃப்ட்காரர் என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர், தொழிலில் கெட்டிக்காரர். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களைப் பத்து நிமிஷத்தில் வெளியே எடுத்துவிடுவார். வீட்டில்தான் அந்தப் பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரமாகிவிடும். நாளைக்கு என்று சொன்னால் அடுத்த வாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றே மாசம் என்று சொல்லித்தான் அந்தக் காரை அவர் ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட பழைய விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கிளப்காரர்கள் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்ப் பந்தயம் நடத்துகிறார்கள். வளைவு கிடையாது, சுற்றி வருவது கிடையாது. இரண்டு கார் பக்கத்துப் பக்கத்தில் நின்று, பச்சை விளக்கு எரிந்ததும் கால் மைல் நேராகப் பறக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் தெரு வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு. வண்டியில் நம்பர் பிளேட், விளக்கு, ஹாரன், வைப்பர், சைலன்சர், பெல்ட்டோடு இரண்டு முன்சீட் எல்லாம் இருக்க வேண்டும். லாரியில் ஏற்றிக்கொண்டு வரக் கூடாது, ரோட்டில் ஓட்டியே வர வேண்டும். வாசலில் ஒருவர் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு நின்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

சட்டத்தில் சொல்லாத எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்பது லிஃப்ட்காரர் கண்டுபிடித்த அர்த்தம். முதலில் பின்சீட் போனது. அடுத்த வாரம் தரை விரிப்பு, அதற்கடுத்த வாரம் ரேடியோ, ஸ்பீக்கர், கதவுகளின் உள்பலகை. கழற்றிய ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்து ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதினார். வெங்காயம் நிறுக்கிற தராசில் கிரீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்த அன்று லேப் அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை. முந்நூறு கிராம் குறைப்பதற்காக டேஷ்போர்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றின மனுஷருக்குத் தொண்ணூற்றாறு கிலோ உடம்பு. தொப்பையையும் அந்தச் சுவரில் எழுதுங்கள் என்று அவள் ஒருமுறை சொன்னாள். கழற்ற முடியாததை எழுதி என்ன பிரயோஜனம் என்று அவர் நிஜமாகவே யோசித்துப் பதில் சொன்னார்.

சீட் மட்டும் என்றாலாவது சகித்துக்கொண்டு ஓட்டியிருப்பாள். திங்கள் முதல் சனி வரை அந்தக் காரின் ஏதாவது ஒரு முக்கியமான பாகம் பெஞ்சின்மேல் கிடக்கும். ஒரு வாரம் கிளட்ச், ஒரு வாரம் கார்புரேட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எங்கிருந்தோ எல்லாம் ஒன்று சேர்ந்து உறுமிக்கொண்டு வாசலில் நிற்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பிரிவில் ஜெயிக்க வேகமே தேவையில்லை. தன் வண்டி எத்தனை விநாடியில் ஓடும் என்பதை ஓட்டுபவர் முன்கூட்டியே முன்கண்ணாடியில் வெள்ளை மையால் எழுதிவிட வேண்டும். மெதுவான வண்டிக்கு, இருவரும் எழுதிய நேரத்துக்கு உள்ள வித்தியாசத்தின் அளவுக்குப் பச்சை விளக்கு முன்னாலேயே எரியும். அதனால் சரியாகக் கணித்தவர்கள் இருவரும் கோட்டை ஒன்றாகத் தொடுவார்கள். எழுதியதைவிட மெதுவாகப் போனால் பின்தங்குவீர்கள். எழுதியதைவிட வேகமாகப் போனாலோ, அந்த இடத்திலேயே அவுட். மாட்டுவண்டிகூட தன் நேரத்தைச் சரியாகச் சொன்னால் கோப்பை வாங்கலாம். பத்து நிமிஷம் என்றால் எவ்வளவு என்று தெரியாத ஒரு மனுஷர், உலகத்தில் இருக்கிற எல்லா விளையாட்டையும் விட்டுவிட்டு, இதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

சீட்டோடு ஓடினாலும் ஜெயிக்கலாமே என்று லேப் அக்கா நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். செவிடன் காதில் ஊதின சங்குதான். பதினைந்தரை விநாடியில் ஓடுகிற காருக்கு அவர் பதினாலே முக்கால் என்று எழுதுவார். ஆசையை எழுதுவார். பிறகு பின்தங்கித் தோற்றுவிட்டு, காற்று சரியில்லை என்பார். இரண்டு வருஷம் ஒரு சுற்றுகூடத் தாண்டவில்லை.

மூன்றாம் வருஷம் அவளும் கூடப் போக ஆரம்பித்தாள். அக்கறையால் அல்ல. ஞாயிற்றுக்கிழமையாவது தன் காரில் தான் உட்கார வேண்டும் என்ற வீம்பு. ஓடுதளத்தின் ஓரத்தில் நாள் முழுக்க என்னதான் செய்வது? ஒரு நோட்டில் ஒவ்வொரு ஓட்டத்தையும் குறித்தாள். வெயில் எத்தனை டிகிரி, காற்று எந்தப் பக்கம், டயரில் எவ்வளவு காற்று, டாங்கில் எவ்வளவு பெட்ரோல். ஐந்து மாசத்தில் அந்தக் கார் எப்போது எப்படி ஓடும் என்று அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. அவர் எழுதுவதற்குள் மையைப் பிடுங்கி அவளே எழுதினாள். அன்றைக்கு முதல்முறையாக இரண்டு சுற்று ஜெயித்தார்கள். அவர் அதைக் கிளட்சின் புண்ணியம் என்றார்.

விஷயம் முற்றியது நாத்தனார் வந்தபோதுதான். லிஃப்ட்காரரின் அக்காவான அவள் கண் பரிசோதனைக்கு வந்திருந்தாள். அன்றைக்கென்று அவசரமாகப் பாகங்களை மாட்டி, காரில் கூட்டிக்கொண்டு போக முன்சீட்டில் நாத்தனாரை உட்கார வைத்தார்கள். பின்னால் உட்கார இடமே இல்லை. லேப் அக்கா பஸ்ஸில் போய், ஆஸ்பத்திரி வாசலில் அவர்களுக்காகக் காத்து நின்றாள். நாத்தனார் இறங்கியதும் முதல் வார்த்தையாக, தம்பியை இப்படித் தறிகெட்டு விட்டுவிட்டாயே என்று அவளைத்தான் திட்டினாள். அன்று சாயங்காலம் லேப் அக்கா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார்.

"வர்ற ஞாயிறு இந்த வருஷத்துக் கடைசிப் போட்டி. கோப்பை வந்தா இன்னும் ஒரு வருஷம் நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா திங்கட்கிழமை எல்லாத்தையும் திரும்ப மாட்டிடணும். கார் என்னோடது. நீங்க ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது."

அவர் ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு வெயில் மிதமாக இருந்தது. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்துவிட வேண்டும் என்று அவர் காலையிலிருந்து டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெப்னியைப் பிடித்திருந்த நட்டு துருப்பிடித்து அசையவில்லை. ரோட்டில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது, அப்படியே விடுங்கள் என்று அவள் அதட்டினாள். அந்த எடையோடுதான் கணக்குப் போட்டாள். முதல் சுற்றுக்குப் பதினைந்து புள்ளி நாற்பத்திரண்டு விநாடி என்று எழுதினாள். கார் பதினைந்து நாற்பத்துமூன்றில் ஓடியது. அடுத்ததில் நாற்பத்துநாலு. ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, நம்ப முடியாமல், இறுதிச் சுற்றில் வந்து நின்றார்கள்.

எதிராளி ஒரு கூரியர்க்காரர். வாரமெல்லாம் பார்சல் போடுகிற அதே வேன். அதில் அவர் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றியதில்லை. ஜன்னலில் திரை தொங்கியது. கண்ணாடியில் பதினெட்டு அறுபது என்று நிதானமாக எழுதி வைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இறுதிச் சுற்றுக்கு நேரத்தைப் புதிதாக எழுத வேண்டும். லிஃப்ட்காரர் துணியால் கண்ணாடியைத் துடைத்து, மைக்குப்பியை அவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். என்ன எழுதப்போகிறாள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினைந்து எண்பது என்று எழுதினால் போதும். கார் நாற்பத்திரண்டில் ஓடும், அவுட் ஆகிவிடும், செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலைக்கு அவள் உட்கார்ந்துகொண்டு போகலாம். யாருக்கும் தெரியாது. கணக்குத் தப்பிவிட்டது என்று சொன்னால் அவரே சமாதானம் சொல்வார். கை கண்ணாடிமேல் அப்படியே நின்றது. மூன்று வருஷத்து பஸ் கம்பி, தராசில் கிரீஸ், நாத்தனாரின் வசவு எல்லாம் அந்தக் கையில் வந்து கூடின. ஆனால் டயரைத் தட்டிக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்தபோது, இந்த மனுஷர் ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. பதினைந்து நாற்பத்திரண்டு என்று எழுதினாள். இன்னும் ஒரு வருஷம் பஸ் என்று தன் கையாலேயே எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது.

கையில் ஒட்டிய மையைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். அங்கே நாலு பேர் வரிசையில் நின்றார்கள். திரும்பி வருவதற்குள் கார் கோட்டில் நின்றுகொண்டிருந்தது.

வேன் முதலில் கிளம்பியது. மூன்று விநாடிக்கு மேல் கழித்துக் கார் சீறிக்கொண்டு துரத்தியது. கோட்டுக்கு முன்னாலேயே வேனைத் தாண்டிவிட்டது. லேப் அக்கா தன்னை மறந்து கையைத் தட்டினாள். பிறகு பலகையைப் பார்த்தாள். பதினைந்து முப்பத்துநாலு. பக்கத்தில் சிவப்பு விளக்கு. கூரியர்க்காரருக்குக் கோப்பை.

தன் நோட்டைப் புரட்டினாள். தப்பே இல்லை. வெயில் சரி, காற்று சரி, பெட்ரோல் சரி. இதற்குள் லிஃப்ட்காரர் திரும்பி வந்து, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்திராத ஒரு சிரிப்போடு இறங்கினார்.

"முப்பத்திநாலு! இந்த வண்டி இதுவரைக்கும் இப்படிப் போனதே இல்லை."

எப்படி என்று அவள் கேட்டாள். அவர் பெருமையோடு டிக்கியைத் திறந்து காட்டினார். ஸ்டெப்னி இருந்த பள்ளம் காலியாக இருந்தது. பக்கத்து வண்டிக்காரரிடம் நீளமான ஸ்பேனர் வாங்கி, கடைசி ஐந்து நிமிஷத்தில் அந்த நட்டைக் கழற்றிவிட்டாராம். ஜாக்கியோடு சேர்த்துப் பதினெட்டு கிலோ. கையால் தூக்கியே எடை சொல்லிவிட்டாராம்.

நேரத்தை எழுதிய பிறகு வண்டியைத் தொடக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் வண்டி இன்னும் கொஞ்சம் நன்றாக ஓடினால் அது எப்படிக் கெடுதலாகும் என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறவே இல்லை. தோற்றவர் பூரித்துப்போய் நின்றார். கார் கிடைத்தவள் டிக்கி மூடியை ஓங்கிச் சாத்தினாள்.

வீட்டுக்கு அவள்தான் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்ப ஏற்றிப் போட்ட ஸ்டெப்னி, சீட் இல்லாத பின்பக்கத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் உருண்டு முட்டியது. சொன்ன சொல் சொன்னதுதான், நாளைக்கே சீட்டை மாட்டிவிடுகிறேன் என்றார். அவள் கியரை முரட்டுத்தனமாக மாற்றினாள். கொஞ்ச தூரம் போனதும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"உனக்குத்தான் கார் வந்துடுச்சே. அப்புறம் எதுக்குக் கோபம்?"

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினையும் அணைத்தாள்.

"நான் எண்பதுன்னு எழுதியிருக்கலாம். எழுதியிருந்தா அப்பவே கார் என் கைக்கு வந்திருக்கும்."

"நீ அப்படி எழுத மாட்டே."

"எழுதப் பார்த்தேன். கையைத் தூக்கிட்டேன். அப்புறம், போகட்டும், இவர் ஜெயிக்கட்டும்னு நினைச்சேன். மூணு வருஷத்துல முதல் தடவையா நினைச்சேன். அதையும் ஸ்பேனர் போட்டுக் கழட்டி வெளியில வெச்சிட்டீங்க."

அவர் வாயைத் திறந்தார். காற்று, கிளட்ச், பதினெட்டு கிலோ என்று ஏதோ ஒன்று வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். அதற்குப் பதிலாக அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பின்னால் திரும்பி அந்தச் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை அது முட்டவில்லை.

மறுநாள் அவர் லீவு போட்டார். சீட், விரிப்பு, கதவுப் பலகை எல்லாம் ஏறின. செவ்வாய்க்கிழமை அவள் இருபத்தைந்து நிமிஷத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கை நோட்டில் தானாகக் கணக்குப் போட்டது. இவ்வளவு எடை ஏறினால் எவ்வளவு கூடும் என்று பார்த்தது. சாயங்காலம் ஷெட்டுக்குப் போனாள். அவர் வேலை எதுவும் இல்லாமல் பெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தார்.

புதுவருஷப் போட்டிக்கும் போகலாம் என்றாள். சீட்டோடு, ஸ்டெப்னியோடு. நேரம் அவள் எழுதுவாள். பதினாறு பத்து.

"பதினாறா? சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டும். எதையும் கழட்டக் கூடாது, எதையும் மாத்தக் கூடாது. வாரம் பூரா கார் என்கிட்ட இருக்கும்."

அவர் சுவரில் இருந்த சாக்பீஸ் எழுத்துகளைப் பார்த்தார், தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"அப்போ நான் என்னதான் பண்றது?"

இதை அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அது புரிந்ததும் லேப் அக்காவுக்கு வந்த கோபம் வந்த வழியே பாதி போய்விட்டது. மீதிப் பாதியோடுதான் பதில் சொன்னாள்.

"நேரா ஓட்டுங்க. அது போதும்."