கரையான் பதிப்பகம்

மேடவாக்கம் ஃபிளாட்டில் தண்ணி லாரிக்காகக் காத்திருந்த காலை நேரம். பிஎச்.டி. செய்யும் மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, கரையான்னு ஒரு பப்ளிஷர் இருந்தாங்களா? ஊர் ஜன்னலோரம்னு வருது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கென்ன, ஒரு பட்டனைத் தட்டினால் மேற்கோள் நூல்கள் தாமே வரிசையில் வந்து நிற்கின்றன. எண்பதுகளின் கடைசியில் நான் ஆராய்ச்சி செய்தபோது ஒரு புத்தகத்துக்கு ஒரு கார்டு. கடையில் கார்டு வாங்க வக்கில்லை. தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் கேட்டு வாங்கி, அளவாக வெட்டி, பின்பக்கம் எழுதுவேன். மூலைக்கு மூலை மஞ்சள். செருப்புப் பெட்டியைத் திறந்தால் முகூர்த்த வீட்டு வாசனை அடிக்கும். "ஊர்ல எவளுக்குக் கல்யாணம்னாலும் உனக்குத்தான்டி கொண்டாட்டம்" என்று தோழிகள் ஓட்டுவார்கள். என் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது வேறு கதை.

கார்டில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு. கடைசியில், ஊரும் பதிப்பகமும் போட வேண்டிய இடத்தில், புத்தகம் எங்கே, எந்தக் கதியில் கிடைத்தது என்று எனக்கு மட்டும் ஒரு குறிப்பு. மின்சார ரயிலேறிப் போய்த் தேடிய நூலகத்தில் ஒரு பழைய நாவல் பாதி அரித்துக் கிடந்தது. "ஜன்னலோரம்: கரையான்" என்று எழுதி வைத்தேன்.

பட்டம் வாங்கியதும் என் கைடு, "பெட்டி டிபார்ட்மென்ட்லயே இருக்கட்டும்மா, பின்னாடி வர்றவங்களுக்கு ஆகும்" என்றார். அங்கே அதுதான் வழக்கம். நானும் மண்டையை ஆட்டினேன். கொஞ்ச நாளில் தடியாக ஒரு நூற்பட்டியல் வெளிவந்தது. மேலே அவர் பெயர், உள்ளே முழுக்க என் கார்டுகள்! முன்னுரையில் மனைவிக்கு நன்றி, அச்சகத்துக்கு நன்றி. என்னைப் பற்றி மூச்சுவிடவில்லை. அந்த மனுஷன் கார்டுகளைப் படிக்கக்கூட இல்லை, பெட்டியோடு அச்சுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். கரையானும் பதிப்பகமாகிவிட்டது.

நேரே போய்க் கேட்டேன். "சார், இது என் வேலை."

"இதுல உன்னுது என்னுதுன்னு என்னம்மா இருக்கு?" என்றார், சிரித்துக்கொண்டே.

பெயர் போடும்போது மட்டும் இருந்ததே!

அந்த நூலகம் இப்போது இல்லை. மிச்ச நாவலையும் கரையான் தின்று தீர்த்திருக்கும். மஞ்சள் வாசனைப் பெட்டி எந்தக் குப்பைக்குப் போனதோ. அவர் பெயர் மட்டும் கம்ப்யூட்டருக்குள் ஏறிச் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

எல்லாம் கேட்டு முடித்த மகள், "தப்புன்னு ஆன்லைன்ல சொல்லி எடுக்க வெச்சிடவாம்மா?" என்றாள்.

"கை வெச்சே, தெரியும் சேதி! அது நான் எழுதினதுன்னு காட்ட அந்தக் கரையான் ஒண்ணுதான்டி பாக்கி."