என் கை மாத்திரையும் என் கணவரின் காலும்

போன தவக்காலத்தின் முதல் வாரம் என் கணவர் சவரிமுத்துவின் காலில் சூளைத் தட்டு சரிந்து சுட்டுவிட்டது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கொட்டகையில் நாங்கள் இருவருமே வேலை செய்கிறோம். சூட்டுக்காயம் எங்களுக்குப் புதிதில்லை. அதனால் நானே வைத்தியம் பார்த்தேன்.

என் வைத்தியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்காவது டாக்டர் ஐந்து நாளுக்கு எழுதும் மாத்திரையை இரண்டு நாளில் நிறுத்துவேன். மிச்சத்தை மாதா படத்தடியில் வைத்து, கொட்டகையில் யாருக்குக் கை சுட்டாலும் ஒரு செபம் சொல்லிக் கொடுப்பேன். அவர் காலுக்கும் அந்த மிச்ச மாத்திரையைத்தான் கொடுத்தேன். புண்ணியம் என்றே நம்பினேன்.

ஒரு வாரத்தில் அவர் கால் வீங்கி நாற்றம் எடுத்தது. குளிர் காய்ச்சலில் பிதற்றினார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா சீழைச் சோதித்த தாளோடு வந்தார். "எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி சாவ மாட்டேங்குதும்மா. அரைகுறையா மாத்திரை போட்டா அது பழகிப்பூடும். ஒரே ஒரு ஊசி மருந்துதான் பாக்கி இருக்குது. அதுவும் கிட்னிய கெடுக்கலாம். யாரு மாத்திரை குடுத்தது?"

படுக்கையிலிருந்து என் கணவர் முந்திக்கொண்டு முனகினார். "நானேதாங்க கடையில வாங்கிப் போட்டேன்."

வராந்தாவில் முழங்காலில் விழுந்து அழுதேன். சுகம் கேட்கக்கூட எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்டேன். "ஆண்டவரே, அவரைக் காப்பாற்றும், உண்மையை மறைக்க மாட்டேன்" என்றேன். எழுந்து போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஐந்தாம் ஊசிக்குப் பிறகு காய்ச்சல் இறங்கியது. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிட்னியும் பலவீனம்தான். ஆனால் ஆள் உயிரோடு இருக்கிறார். அல்லேலூயா.

பக்கத்துக் கட்டில் பெண்ணாடத்துக்காரருக்கும் அதே கிருமி. அவர் மனைவியும் என்னோடு சேர்ந்துதான் செபமாலை சொன்னாள். அவர் பிழைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியுமில்லை.

இப்போது யாராவது கை சுட்டு வந்தால் செபிக்கிறேன், பிறகு கூடவே நடந்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுகிறேன். அங்கே கொடுத்த மாத்திரையை முடிக்கும்வரை விடுவதில்லை. திட்டுகிறார்கள், திட்டட்டும்.

சகோதர சகோதரிகளே, ஆண்டவரை நம்புங்கள். தப்பை மறைக்காமல் அவரிடம் கேளுங்கள், கேட்கிறார். என் கையால் மாத்திரை வாங்கியவர்கள் இந்தச் செபக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாதென்று தினமும் மன்றாடுகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.