துணிக்கு அடியில் இருந்த புத்தகங்கள்

அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் படங்களை நினைத்தால் பக்கிரிசாமிக்கு இன்றைக்கும் வயிறு எரியும். பெஞ்சு கொடுத்தவர் படம் இருக்கிறது. கூரைக்குத் தகரம் கொடுத்தவர் படம் இருக்கிறது. ஒரே ஒரு தண்ணீர்ப் பானை வாங்கித் தந்த மனிதர்கூட மாலையும் குங்குமமுமாக உட்கார்ந்திருக்கிறார். தனலெட்சுமி டீச்சர் படம் மட்டும் இல்லை. ஒரு தடவை பள்ளிக்கூடக் கமிட்டியின் காரியதரிசி மெய்யநாதனிடம் வாய்விட்டே கேட்டார்.

"அந்தம்மா என்னத்தப்பா படிச்சுக் குடுத்தாங்க? புத்தகத்த மூடி வச்சவங்கதானே," என்று சொல்லிவிட்டு மெய்யநாதன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

அன்றிலிருந்து பக்கிரிசாமி வேறு தெரு வழியாகத்தான் மாட்டுவண்டியை ஓட்டுகிறார்.

அவர் மகள் சிவக்கொழுந்து வாயாடி. ஒரு தடவை காதில் விழுந்த பாட்டை மறுநாள் முழுசாகப் பாடுவாள். கப்பலடித் துறையில் எந்தத் தொங்கான் படகில் என்ன சரக்கு வந்தது என்று அப்பனுக்கே சொல்லுவாள். எழுத்து மட்டும் அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. ப, ம, ய எல்லாம் அவள் கண்ணுக்கு ஒரே மாதிரி வீடுகள். நேற்று வாசித்த வரி இன்றைக்குப் புதுசாக நிற்கும். வாத்தியார் அவளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். மற்றப் பிள்ளைகள், "மக்குக்கொழுந்து, இறங்காதேலா, அங்கேயே காயி," என்று பாடின. கோணிப்பை தைக்கும் கிட்டங்கிக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பக்கிரிசாமிக்கு மனசு வரவில்லை. தான் கைநாட்டு வைத்து ஏமாந்ததெல்லாம் போதும், இவளாவது நாலு வரி படிக்கட்டும் என்று இருந்தார்.

தனலெட்சுமி டீச்சரின் புருஷன் பிறை என்ற ஊரில் ரயில் வேலை பார்த்துக் காய்ச்சலில் செத்துப்போனவர். பிள்ளை குட்டி இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, குயின் தெருவில் ஒரு பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தாள். ஒரு சரஸ்வதி பூசையன்று, பள்ளிக்கூடத்துப் புத்தகம் சிலேட்டு எல்லாம் அம்மன் படத்துக்கு முன்னால் துணிக்கடியில் இருந்தன. அன்றைக்கு ஒருவரும் வாசிக்கக் கூடாது, எழுதக் கூடாது. பெஞ்சு மேல் நிற்கிற பிள்ளைகள் அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து ஓடியதை டீச்சர் பார்த்தாள். சிவக்கொழுந்து பள்ளிக்கூடம் முழுவதையும் உட்காரவைத்துக் கதை சொன்னாள்.

கமிட்டியிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பின்பக்கத்துக் கொட்டகையை வாங்கினாள் டீச்சர். எழுத்து ஏறாத பிள்ளைகளை அங்கே சேர்த்தாள். பொழுது இப்படிப் போகும்: காலையில் வந்ததும் பிள்ளைகள் புத்தகத்தை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து மஞ்சள் துணியைப் போர்த்துவார்கள். அப்புறம் ஈர மணல். பக்கிரிசாமிதான் வடக்குக் கடற்கரையிலிருந்து அள்ளி வருவார். ஒரே எழுத்தை, வாயால் சொல்லிக்கொண்டே, விரலால் கீறவேண்டும். தரையில் சுண்ணாம்பால் பெரிசாகப் போட்ட எழுத்தின்மேல் நடக்கவேண்டும். பிறகு கைதட்டிச் சொல்லைப் பிரிப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகுதான் துணியை எடுப்பது. ஒரு வரி, டீச்சரும் பிள்ளையும் சேர்ந்து, உட்கார்ந்தபடியே வாசிப்பார்கள். யாரையும் தனியாக எழுப்பி நிறுத்துவதில்லை.

"தினம் தினம் பூசையா டீச்சர்?" என்று பக்கிரிசாமி ஒருநாள் சிரித்தார்.

"பயம் போகட்டும் அண்ணே. பயந்த கண்ணுக்கு எழுத்து ஆடும்," என்றாள் அவள்.

ஒரு சாயங்காலம் பாசார்க் கடைத்தெருவில் சிவக்கொழுந்து வண்டியை நிறுத்தச் சொன்னாள். கடைப் பலகையை வெறித்துப் பார்த்து, விரலால் காற்றில் கீறி, "அ... ரி... சி" என்றாள். பக்கிரிசாமி மாட்டைத் தட்டிக்கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அது ரப்பர் விலை விழுந்த சமயம். தோட்டங்களில் வேலை போன ஆட்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடத்து மானியத்தை வெட்டலாம் என்று சர்க்கார் பார்த்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் துரை மத்தியானம் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். டீச்சரும் அதற்குத் தக்கபடி வரிகளைப் பழக்கி வைத்திருந்தாள். துரை காலையிலேயே வந்து நின்றார். பக்கிரிசாமி அப்போதுதான் மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சுண்ணாம்பு எழுத்தின்மேல் நடந்துகொண்டிருந்தார்கள். புத்தகமெல்லாம் துணிக்கடியில்.

துரை ஏதோ கேட்டார். டீச்சர் பதில் சொல்ல வாயெடுக்குமுன் மெய்யநாதன் கைகட்டி முன்னால் வந்தார். கெடுக்க நினைத்து வரவில்லை. பள்ளிக்கூடத்தின் மானத்தைக் காப்பாற்றத்தான் வந்தார்.

"இன்னிக்கு சரஸ்வதி பூசைங்க. எங்க வழக்கத்துல புத்தகத்தத் தொடக் கூடாது."

துரைக்குத் துணையாக வந்திருந்த கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பங்குனியிலே சரஸ்வதி பூசையோ? எந்த ஊரிலே ஐயா?"

மெய்யநாதன் அசடு வழிந்தார். டீச்சர் உள்ளதை உள்ளபடி சொன்னாள். மணலைக் காட்டினாள், சுண்ணாம்பு எழுத்தைக் காட்டினாள். ஒரு பொய்க்குப் பின்னால் வந்த உண்மை அங்கே எடுபடவில்லை. கார்த்திகேசு ஒரு புத்தகத்தை உருவி சிவக்கொழுந்து கையில் கொடுத்து, "எழும்பி வாசி பிள்ளை," என்றார். அவள் எழுந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பக்கிரிசாமி கூடையைப் பிடித்தபடி நின்றார்.

இல்லாத பூசையின் பேரால் பாடம் நடத்தாமல் இருக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் அறிக்கையில் எழுதிவிட்டார்கள். கொட்டகை வகுப்புக்கு மானியம் நின்றது. கமிட்டி டீச்சரைப் போகச் சொன்னது. பிள்ளைகள் பழையபடி பெரிய வகுப்புக்கே போகவேண்டும் என்று உத்தரவு. நாகப்பட்டினத்துக் கப்பலுக்கு அவள் பெட்டியைப் பக்கிரிசாமியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கப்பலடியில் பெட்டியை இறக்கியதும் கேட்டார்.

"கொழுந்து என்னாத்துக்கு ஆவா டீச்சர்?"

"பாதி தூரம் வந்துட்டாண்ணே. பெஞ்சு மேல ஒரு நாள் ஏத்துனா வந்ததெல்லாம் போயிடும்."

"வேற பள்ளிக்கூடம்..."

"எல்லா இடத்துலயும் பெஞ்சு இருக்குண்ணே."

படகுக்காரன் கூப்பிட்டான். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு திரும்பினாள்.

"நாளைக் காலையில பிள்ளைங்க வந்துடுவாங்க. நீங்க விடியிறதுக்குள்ள போயி பள்ளிக்கூடத்து வாசல்ல நில்லுங்க. ஒவ்வொருத்தரா வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடுங்க. கொழுந்தையும்தான். அந்தப் பெரிய வகுப்புக்குள்ள ஒரு பிள்ளையக்கூட விட்டுடாதீங்கண்ணே."