எருமைக் கொட்டகையில் இன்டர்வியூ

சித்தூர்ப் பக்கம் வெதுருகுப்பத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊருக்கு டவர் கிடையாது. யார் செய்த புண்ணியமோ, எதிர்வீட்டு அத்தையின் எருமைக் கொட்டகையில் மட்டும் சிக்னல் வரும். அதுவும் எருமையின் முகத்துக்கு நேரே நின்றால்தான். அதனால் போன் பேசப் போகிறவர்கள் ஒரு கட்டுப் புல்லோடு போவது ஊர் வழக்கம். புல் இருக்கும் வரை எருமை பேச விடும், தீர்ந்தால் முட்டும்.

நர்சிங் முடித்து இரண்டு வருடம் வீட்டில் கிடந்தேன். எத்தனை ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிப்போட்டேன்! யாராவது கூப்பிட்டார்களா என்பதுகூடத் தெரியாது. கடைசியில் திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்று, சனிக்கிழமை காலை வீடியோவில் இன்டர்வியூ என்று மெசேஜ் அனுப்பியது. இதுவும் கைவிட்டுப் போனால் கல்யாணம்தான் என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளைச் சுடிதார் போட்டு, தலை நிறையப் பூ வைத்து, இரண்டு கட்டுப் புல்லோடு போய் நின்றேன். மூன்றாவது கேள்விக்குள் ஒரு கட்டு காலி. ரத்த அழுத்தம் பற்றிச் சொல்லிக்கொண்டே அடுத்த கட்டை அவிழ்ப்பதற்குள், எருமை பொறுமையிழந்து போனை நக்கிவிட்டது. திரையில் இருந்த மேடம் அலறினார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். போச்சு, கல்யாணம்தான் என்று நினைத்துக்கொண்டே நானும் சிரித்தேன். அடக்கவே முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நைட் டூட்டி பார்ப்பியாம்மா?" என்று கேட்டார் மேடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அத்தை தெலுங்கும் தமிழுமாகக் கத்தினாள்: "சேஸ்துந்தி மேடம், நல்லா செய்யும்! இந்த எரும கன்னு போட்டப்போ விடிய விடிய இந்தப் பொண்ணுதான் கூட ஒக்காந்துக்கினு இருந்துச்சி!"

"சரி, உன்னை எடுத்துக்கிட்டோம். திங்கட்கிழமை..." என்றார் மேடம். அத்தோடு சிக்னல் போய்விட்டது. ஞாயிறு முழுக்கப் புல் வெட்டிப் போட்டும் ஒரு கோடுகூட வரவில்லை. எருமைக்குத்தான் யோகம்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். மேடம் திகைத்தார்.

"அடுத்த திங்கட்கிழமைன்னு சொல்ல வந்தேன்மா. ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டியே! ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?"

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

"போன் போடற ஊரா இருந்தா, ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருப்பேன் மேடம்."

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.